சிறு கடலடிப் பள்ளத்தாக்குகளைத் தேடுவோருக்கு ஜெப்கோ வரைபடம்: ஒரு மதிப்பீடு

கடற்கரை மணல் எந்த வழியாக ஆழ்கடலுக்குப் போகிறது என்பதைத் தன் கணினித் திரையிலேயே பின்தொடர்ந்து பார்க்க விரும்புபவர் முதலில் போய் நிற்கும் இடம் ஜெப்கோ. உலகப் பெருங்கடல்கள் அனைத்தின் ஆழத்தையும் ஒரே வரைபடமாகத் தொகுத்து, ஆண்டுதோறும் புதுப்பித்து, ஒரு காசும் வாங்காமல் வழங்குகிற சேவை அது. நான் அதை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதைப் பற்றி என் கண்ணில் பட்ட பாராட்டுரைகள் பெரும்பாலும் நடுக்கடல் மலைத்தொடர், பெருங்குழி, கடலடி எரிமலை போன்ற பேருருவங்களை வைத்து எழுதப்பட்டவை. நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு சோதனை. அலை உடையும் இடத்துக்கு அருகிலேயே தொடங்கி, சில நூறு மீட்டர் அகலமே உள்ள சிறு கடலடிப் பள்ளத்தாக்குகளைப் படிக்க இந்த வரைபடம் எவ்வளவு உதவும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணல் போய்ச் சேரும் இடத்தை ஜெப்கோ நன்றாகக் காட்டுகிறது. மணல் புறப்படும் இடத்தை, அதாவது பயணம் முழுவதையும் தீர்மானிக்கிற பள்ளத்தாக்கின் தலைப்பகுதியை, அது ஏறக்குறைய காட்டுவதே இல்லை. இந்த எல்லையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது; தெரியாமல் பயன்படுத்துபவர் கரைக்கும் பள்ளத்தாக்குக்கும் தொடர்பே இல்லை என்ற தவறான முடிவுக்கு எளிதாக வந்துவிடுவார்.

சேவையின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லலாம். மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் முயற்சியால் 1903-இல் தொடங்கிய திட்டம் இது. இப்போது பன்னாட்டு நீர்வரைவியல் அமைப்பும் யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையேயான கடலாய்வு ஆணையமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. 2019 முதல் வரும் வெளியீடுகள் எல்லாம் 15 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) இடைவெளி கொண்டவை. உலகம் முழுவதும் 43,200 வரிசைகளும் 86,400 நெடுவரிசைகளுமாகப் பிரிக்கப்பட்டு, 373 கோடிக்கும் மேற்பட்ட கட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆழமோ உயரமோ முழு மீட்டரில் தரப்படுகிறது. நிப்பான் அறக்கட்டளையுடன் இணைந்து 2017-இல் அறிவிக்கப்பட்ட சீபெட் 2030 என்ற திட்டம்தான் இதற்குப் புதிய அளவீடுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அத்திட்டம் தொடங்கியபோது உலகக் கடலடியில் 6 விழுக்காடு மட்டுமே போதிய நுட்பத்துடன் அளக்கப்பட்டிருந்தது; 2025 ஜூன் நிலவரப்படி அது 27.3 விழுக்காடாக உயர்ந்துள்ளது.

தரவிறக்கம் செய்வதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. உலகம் முழுவதற்குமான கோப்பு விரிந்த நிலையில் ஏறத்தாழ 7.5 ஜிபி வரும். அது பலருக்குத் தேவைப்படாது. வேண்டிய பகுதியின் அகலாங்கு, நெட்டாங்கு எல்லைகளைக் கொடுத்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தருகிறார்கள். நெட்சிடிஎஃப், ஜியோடிஃப், எஸ்ரி ஆஸ்கி ஆகிய மூன்று வடிவங்களில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். கியூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருள் ஜியோடிஃப் கோப்பை அப்படியே திறந்துவிடும். ஜெப்கோவின் பெயரைக் குறிப்பிட்டால் போதும், வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. கப்பலோட்டப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை மட்டும் எல்லா இடத்திலும் உண்டு. அது மிக நியாயமான எச்சரிக்கை என்பது கீழே சொல்லப்போகும் சோதனையிலிருந்தும் விளங்கும்.

சோதனைக்கு நான் எடுத்துக்கொண்டது கலிபோர்னியாவில் சான் டியேகோ நகரத்தை ஒட்டிய லா ஹோயா கடற்பகுதி. காரணம் எளியது. உலகில் சிறு கடலடிப் பள்ளத்தாக்குகளைப் பற்றிய ஆய்வு ஏறக்குறைய அங்கேதான் வளர்ந்தது. ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் வாசலிலேயே இரண்டு பள்ளத்தாக்குகள் கடலுக்கடியில் இறங்குகின்றன: நிறுவனத்தின் கடற்பாலத்துக்கு வடக்கே ஸ்க்ரிப்ஸ் பள்ளத்தாக்கு, தெற்கே லா ஹோயா பள்ளத்தாக்கு. இரண்டின் தலையும் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருக்கின்றன. சில கிலோமீட்டர் தொலைவிலேயே, 300 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில், ஸ்க்ரிப்ஸ் பள்ளத்தாக்கு லா ஹோயா பள்ளத்தாக்கில் கலந்துவிடுகிறது. பிறகு இரண்டும் ஒரே வழியாகச் சான் டியேகோ தாழ்வின் தரையில், சுமார் 1,100 மீட்டர் ஆழத்தில், தாங்கள் கொண்டுவந்ததை வண்டல் விசிறியாகப் பரப்புகின்றன.

இவ்வளவு சிறிய பள்ளத்தாக்குகளுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். பதில் கரையில் இருக்கிறது. டேனா முனையிலிருந்து லா ஹோயா வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள கரையில், அலைகள் சாய்ந்து வந்து மோதுவதால் மணல் பொதுவாகத் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆறுகள் கொண்டுவந்த மணலும் கரைமேடுகள் இடிந்து விழுந்த மணலும் அதில் அடங்கும். தெற்குக் கோடியில் லா ஹோயாவின் பாறை முனை குறுக்கே நிற்கிறது. அதற்குச் சற்று முன்னால் இந்த இரு பள்ளத்தாக்குகளும் வாய் திறந்து நிற்கின்றன. வந்த மணல் அங்கே விழுந்தால், அலையால் அதை மீண்டும் கரைக்கு ஏற்ற முடியாது. கரையைப் பொறுத்தவரை அது நிரந்தர இழப்பு. ஆழ்கடலைப் பொறுத்தவரை அதுவே வரவு.

கடல்மட்டம் உயர்ந்திருக்கும் காலத்தில் கடலடிப் பள்ளத்தாக்குகள் உறங்குகின்றன, பனியூழியில் கடல் பின்வாங்கி ஆறுகள் கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின்) விளிம்புவரை வரும்போதுதான் அவை விழிக்கின்றன என்ற கருத்து நீண்ட காலம் பாடநூல்களில் இருந்தது. லா ஹோயா அதற்கு நேர்மாறானது. அங்கே கண்டத்திட்டு குறுகலானது. பள்ளத்தாக்கின் தலை அலைமண்டலத்தையே தொட்டுக்கொண்டிருப்பதால், கடல்மட்டம் உயர்ந்திருக்கும் இன்றைய காலத்திலும் அதன் வண்டல் விசிறிக்கு மணல் போய்க்கொண்டிருக்கிறது. கடல் தாழ்ந்திருந்த காலத்தில் அதே கரையின் மணலை வடக்கே உள்ள ஓஷன்சைடு, கார்ல்ஸ்பாட் பள்ளத்தாக்குகள் வாங்கிக்கொண்டன. கரைக்கும் பள்ளத்தாக்கின் தலைக்கும் இடையே உள்ள அந்தச் சில நூறு மீட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே காட்டிவிடும். ஒரு வரைபடம் இந்த வேலைக்குத் தகுதியானதா என்பதை அந்தச் சில நூறு மீட்டரை வைத்தே அளக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கும் அதுவே காரணம்.

இப்போது ஜெப்கோவைத் திறந்து பார்ப்போம். 15 வில்நொடி என்பது வடக்கு தெற்காக ஏறத்தாழ 463 மீட்டர். லா ஹோயாவின் அகலாங்கில் கிழக்கு மேற்காக அது சுமார் 390 மீட்டராகச் சுருங்குகிறது. ஆக, ஒரு கட்டம் ஏறத்தாழ 18 ஹெக்டேர், நம் கணக்கில் 44 ஏக்கருக்கும் மேல். அந்தப் பரப்பு முழுவதற்கும் ஒரே ஓர் எண். ஸ்க்ரிப்ஸ் பள்ளத்தாக்கின் தலையோ, பாறையை வெட்டி இறங்கும் குறுகிய பிளவு. சில இடங்களில் சுவர்கள் செங்குத்தாக நிற்கின்றன, சில இடங்களில் தலைக்கு மேல் துருத்திக்கொண்டும் இருக்கின்றன. பிளவின் அடியும் அதன் விளிம்பும் இருபுறத் தட்டையான திட்டும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுவதால், திரையில் தெரிவது மெதுவாகச் சரியும் மணற்பரப்பில் ஒரு சிறு குழிவு மட்டுமே. பெரிய கண் வலையில் நெத்திலி தங்குவதில்லை.

கியூஜிஐஎஸ்ஸில் கரைக்கு இணையாக, தலைப்பகுதியின் குறுக்கே ஒரு கோடு வரைந்து அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். கோடு பள்ளத்தாக்கைக் கடக்கும் இடத்தில் ஒன்றிரண்டு கட்டங்கள்தான் சற்றே தாழ்ந்து காணப்படும். நிறச்சாயலை மென்மையாக்கும் வசதியை இயக்கினால் அந்தத் தாழ்வும் மழுங்கிவிடும். ஆகவே என் முதல் பரிந்துரை இது: தலைப்பகுதியைப் பார்க்கும்போது சாயலை மென்மையாக்காதீர்கள். கட்டங்கள் படிக்கட்டுபோல அசிங்கமாகத் தெரியட்டும். அந்த அசிங்கம் உண்மையானது. மென்மையாகத் தெரியும் சரிவு மென்பொருள் கற்பித்தது.

இந்த மழுங்கலில் நாம் எதை இழக்கிறோம் என்பதை அறிய, அங்கே நீருக்கடியில் உண்மையில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடல் நிலவியலாளர் பிரான்சிஸ் ஷெப்பர்ட் இந்தப் பள்ளத்தாக்குகளின் தலையை மீண்டும் மீண்டும் ஆழம் அளந்து, அங்கே மணல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, பிறகு ஒருநாள் திடீரென்று காணாமல் போவதைக் காட்டினார். அவருக்குப் பின் ராபர்ட் டில் போன்றவர்கள் மூச்சுக்கருவியோடு அங்கேயே இறங்கி, அடியில் முளைகளை நட்டு, மணல் எவ்வாறு நகர்கிறது என்பதை நேரில் பார்த்தார்கள். அவர்கள் கண்டது வெறும் மணல் இல்லை. கரையிலிருந்து அடித்துவரப்பட்ட கடற்புல்லும் கெல்ப் என்னும் பெரும் பாசியும் மணலோடு அடுக்கடுக்காகப் பின்னிக்கொண்டு கிடந்தன. அந்தப் பின்னல் இருக்கும்வரை மணல் தன் இயல்பான சாய்வைவிடச் செங்குத்தாக நிற்க முடிகிறது. பாசி அழுகி வாயு உண்டாகும்போது பிடி தளர்கிறது. திரள் மெல்ல ஊர்கிறது, அல்லது ஒரேயடியாகச் சரிகிறது. ஊர்ந்து போகும்போதே அது பாறைச் சுவரைத் தேய்த்து, பள்ளத்தாக்கை மேலும் ஆழமாக்குகிறது. பள்ளத்தாக்கு தன் வாயைத் திறந்தே வைத்திருப்பது இப்படித்தான்.

சரிவுக்கு உந்துதல் தரும் புயலைப் பற்றியும் அங்கேதான் முதல் தெளிவான அளவீடு கிடைத்தது. கடலாய்வாளர் டக்ளஸ் இன்மனும் அவருடைய குழுவினரும் ஸ்க்ரிப்ஸ் பள்ளத்தாக்கில் நீரோட்டமானிகளை வைத்திருந்தார்கள். வழக்கமான நாட்களில் நீர் பள்ளத்தாக்கின் நெடுக மேலும் கீழுமாக ஊசலாடுகிறது. ஓதமும் உள் அலைகளும் அதற்குக் காரணம். 1968 நவம்பரில் ஒரு புயல் கரையை நோக்கி வீசியபோது, அந்த ஊசலாட்டம் வலுத்துக்கொண்டே போய், கடைசியில் கீழ்நோக்கிய ஒரே ஓட்டமாக மாறியது. 44 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 1.9 மீட்டர் வேகம் பதிவான பிறகு கருவியே போய்விட்டது. காற்று கரையில் குவித்த நீரும் கூட்டம் கூட்டமாக வந்த அலைகளின் அழுத்தமும் பள்ளத்தாக்கில் நீரை இறக்க, அது கிளப்பிய மணலால் நீரின் எடை கூட, எடை கூடியதால் ஓட்டம் மேலும் வேகம்பெற்றது என்று அவர்கள் விளக்கினார்கள். ஆற்று வெள்ளமோ நிலநடுக்கமோ இல்லாமல், ஒரு சாதாரணக் குளிர்காலப் புயலே இவ்வளவையும் செய்ய முடிந்தது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, அதே இடத்தில் ஜெப்கோ காட்டும் இரண்டு கட்டங்களைப் பார்க்கும்போது, அந்த வரைபடத்தின் எல்லை நமக்கு முழுமையாக உறைக்கிறது.

குறையை இவ்வளவு விரிவாகச் சொன்னதால், நிறைவையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். தலைப்பகுதியிலிருந்து கீழே இறங்க இறங்க ஜெப்கோவின் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. இரு பள்ளத்தாக்குகளும் கலந்த பிறகு வழி அகலமாகிறது; அதன் குறுக்கே போதிய கட்டங்கள் கிடைக்கின்றன. அது வளைந்து தெற்கு நோக்கித் திரும்புவதும், விசிறியின் மேல் ஒரு கால்வாயாகத் தொடர்வதும், கடைசியில் சான் டியேகோ தாழ்வின் தட்டையான தரையில் கரைந்துபோவதும் நன்றாகத் தெரிகின்றன. பள்ளத்தாக்கின் அடிவரியை (அதன் மிக ஆழமான இடங்களின் வரிசையை) ஒட்டி ஒரு கோடு வரைந்து சரிவைக் கணக்கிட்டால், மேலே செங்குத்தாக இருப்பது கீழே எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பதைக் காணலாம். மணல் நிறைந்த ஓட்டம் எங்கே வேகமிழந்து தன் சுமையை இறக்கும் என்று ஊகிக்க அந்த ஒரு கோடே போதும். ஆழ்கடல் முழுவதையும் ஒரே அளவுகோலில், ஒரே கோப்பில் பார்க்க முடிவதால், பக்கத்திலுள்ள கார்ல்ஸ்பாட் பள்ளத்தாக்கையும் ஓஷன்சைடு பள்ளத்தாக்கையும் சேர்த்துவைத்து ஒப்பிடலாம். எந்தப் பள்ளத்தாக்கின் தலை கரையைத் தொடுகிறது, எது திட்டின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது என்ற பெரிய வேறுபாடு அப்போது ஓரளவு புலப்படும். உள்ளூர் வரைபடங்களால் இந்த அகன்ற பார்வையைத் தர முடியாது.

ஜெப்கோவில் நான் மிகவும் மதிக்கும் பகுதி ஆழ எண்களோடு சேர்த்துத் தரப்படும் இன்னொரு கோப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எண் எப்படிக் கிடைத்தது என்பதை அது குறியெண்ணால் சொல்கிறது. 10 என்றால் ஒற்றைக் கற்றை ஒலிமானி (ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் கருவி), 11 என்றால் பல்கற்றை ஒலிமானி, 40 என்றால் செயற்கைக்கோள் அளந்த ஈர்ப்பு வேறுபாட்டிலிருந்து கணித்தது, 41 என்றால் அருகிலுள்ள எண்களுக்கிடையே கணினி நிரப்பியது, 70 என்றால் ஏற்கனவே தயாராக இருந்த வேறொரு வரைபடத்திலிருந்து எடுத்தது. இதைத் தரவிறக்கம் செய்யாமல் ஆழக்கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதுபவர்களைக் காண்கிறேன். எனக்கு அது வருத்தமளிக்கிறது. செயற்கைக்கோள் ஈர்ப்புக் கணிப்பு பெரிய கடலடி மலைகளைக் கண்டுபிடிக்கும். சில கிலோமீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பள்ளத்தாக்கு அதன் கண்ணில் படாது. ஆகவே குறியெண் 40 நிறைந்த சரிவில் பள்ளத்தாக்கு எதுவும் தெரியவில்லை என்றால், அங்கே பள்ளத்தாக்கு இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. யாரும் இன்னும் போய் அளக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். அத்தகைய இடங்களில் கப்பல் சென்ற தடம் மட்டும் ஒரு கீறல்போலத் துல்லியமாகத் தெரிவதும் உண்டு. முதன்முறை பார்ப்பவர் அந்தக் கீறலையே பள்ளத்தாக்கு என்று நினைத்துவிடக் கூடும். குறியெண் கோப்பை மேலே வைத்துப் பார்த்தால் ஐயம் உடனே தீர்ந்துவிடும்.

வரைபடம் நுட்பமாக ஆக எண்ணிக்கையே மாறுகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. பீட்டர் ஹாரிஸும் தான்யா ஒயிட்வேயும் 2011-இல் உலகளாவிய ஆழ வரைபடத்தைக் கொண்டு எண்ணியபோது 5,849 பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகள் கிடைத்தன. ஹாரிஸும் சக ஆய்வாளர்களும் 2014-இல் நுட்பம் கூடிய வேறொரு வரைபடத்தைக் கொண்டு எண்ணியபோது அது 9,477 ஆனது. மூன்று ஆண்டுகளில் கடலடி மாறிவிடவில்லை. இந்த எண்ணிக்கைகளில் இடம்பெறுவதற்கே ஒரு பள்ளத்தாக்கு குறிப்பிட்ட அளவுக்கு நீண்டு, ஆழமாக இருந்தாக வேண்டும். ஸ்க்ரிப்ஸ் போன்ற குட்டிக் கிளைகள் கணக்கிலேயே வராதவை. உலகில் எத்தனை கரைகளிலிருந்து இப்படிக் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் வழியாக மணல் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு, 15 வில்நொடி வரைபடத்தை வைத்துக்கொண்டு விடை சொல்ல முடியாது.

இரண்டாவது எல்லை காலம் பற்றியது. ஜெப்கோ ஒரு நிலைப்படம். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கப்பல்கள் எடுத்த அளவீடுகள் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு ஆண்டு வெளியீடுகளைக் கழித்துப் பார்த்து, வேறுபாடு தெரிகிற இடத்தில் மணல் நகர்ந்திருக்கிறது என்று எழுதுவது பெருந்தவறு. பெரும்பாலும் அங்கே பழைய அளவீடு நீக்கப்பட்டுப் புதிய அளவீடு சேர்க்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். மாற்றத்தைப் பார்க்க ஒரே இடத்தை ஒரே கருவியால் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். கனடாவின் ஸ்குவாமிஷ் ஆற்று முகத்தில் 2011-இல் ஜான் ஹியூஸ் கிளார்க் செய்தது அதுதான். கோடைவெள்ளம் ஓடிய மாதங்களில் வேலைநாள்தோறும் படகில் சென்று அளந்ததில், நூற்றுக்கும் மேற்பட்ட வண்டல் ஓட்டங்கள் கண்டறியப்பட்டன. அந்தக் கால்வாய்கள் எந்தப் பெரும் பள்ளத்தாக்கையும்விட மிகச் சிறியவை. ஆனாலும் ஒரு பருவத்துக்குள் அவ்வளவு பரபரப்பு.

கலிபோர்னியாவின் மான்டரே பள்ளத்தாக்கில் 2015 அக்டோபரிலிருந்து 18 மாதங்கள் நடந்த கூட்டாய்வும் இதையே இன்னும் ஆழமாகக் காட்டியது. பள்ளத்தாக்கின் நெடுக நங்கூரமிட்ட கருவிகள் 15 ஓட்டங்களைப் பதிவு செய்தன. மிக விரைவானது நொடிக்கு 7.2 மீட்டர் வேகத்தில் சென்றது. அவற்றில் மூன்று 50 கிலோமீட்டருக்கும் அப்பால் வரை ஓடின. ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள கருவிச்சட்டம் ஒன்று அடித்துச் செல்லப்பட்டது. மேலே கலங்கலான நீர் மட்டும் ஓடினால் அவ்வளவு எடை நகராது. அடியில் மணல் செறிந்த கனமான ஒரு படலம் சேர்ந்து ஓடுகிறது என்ற விளக்கம் அதிலிருந்து வந்தது. மான்டரே பெரிய பள்ளத்தாக்குதான் என்றாலும், அதன் மேற்பகுதியில் அடிவரியை நிறைத்துக் கிடக்கும் பிறை வடிவ மணல் அலைகளே அந்தப் படலத்தின் தடயங்கள். அந்த அலைகளும் ஜெப்கோவின் ஒரு கட்டத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்டு மறைந்துவிடும் அளவினவே.

மாற்று எது என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்கக் கரைக்கு அந்நாட்டு அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் சுற்றுச்சூழல் தகவல் மையம் கடலோர உயர வரைபடங்களைத் தருகிறது. சான் டியேகோவுக்கு மூன்றில் ஒரு வில்நொடி, அதாவது ஏறத்தாழ 10 மீட்டர் இடைவெளி கொண்ட வரைபடம் உண்டு. ஜெப்கோவின் ஒரே கட்டம் அதில் 2,025 எண்களாகப் பிரிகிறது. அதைத் திறந்தவுடன் ஸ்க்ரிப்ஸ் பள்ளத்தாக்கு தன் கிளைகளோடு எழுந்து நிற்கிறது. கரைக்கு எவ்வளவு அருகில் அதன் வாய் இருக்கிறது என்பதும், அதன் மேல் வரும் அலைகள் ஏன் வளைந்து வடக்கே பிளாக்ஸ் கடற்கரையில் குவிகின்றன என்பதும் விளக்கமே இல்லாமல் புரிந்துவிடுகின்றன. ஆனால் அது நிலத்தையும் கடலையும் சேர்த்து ஒரு குறிப்பிட்ட செங்குத்து அளவுமட்டத்தில், அதாவது ஆழமும் உயரமும் அளக்கத் தொடங்கும் மட்டத்தில், தருகிறது. ஜெப்கோவுடன் அப்படியே ஒட்டினால் இணைப்பில் படி விழும். இரண்டையும் தனித்தனி அடுக்காக வைத்துப் பார்ப்பதே நல்லது. ஆழ்கடல் பகுதிக்கு லமான்ட்-டோஹர்ட்டி ஆய்வகத்தின் பல்நுட்ப வரைபடத் தொகுப்பும் உண்டு. பல்கற்றை அளவீடு உள்ள இடங்களில் அது சுமார் 100 மீட்டர் இடைவெளி வரை தருகிறது. ஆனால் அளவீடு இல்லாத இடங்களில் அதுவும் ஜெப்கோவையே நம்பியிருக்கிறது.

நம் பக்கத்துக் கடலில் இதைப் பயன்படுத்த விரும்புபவர்களுக்கு ஒரு சொல். திருகோணமலைப் பள்ளத்தாக்கு ஜெப்கோவில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. மகாவலி கங்கை வந்து விழும் கொட்டியார் குடாவுக்குள்ளேயே அதன் தலை நுழைந்திருப்பதால், ஆற்றுக்கும் ஆழ்கடலுக்கும் உள்ள தொடர்பை மாணவர்களுக்குக் காட்ட அதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்கு அருகில் இல்லை. தமிழகக் கரையில் பாலாறு, புதுச்சேரி, கடலூர் ஆகிய பெயர்களால் அறியப்படும் பள்ளத்தாக்குகளையும் தேடிப் பார்க்கலாம். அங்கே நோவா தருவது போன்ற 10 மீட்டர் வரைபடம் பொதுமக்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை என்பதால், குறியெண் கோப்பைத் திறக்காமல் ஒரு முடிவும் சொல்லாதிருப்பது இன்னும் முக்கியம்.

இந்தச் சேவையை யார் பயன்படுத்தலாம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. பள்ளி, கல்லூரி ஆசிரியர்களும், ஆழ்கடல் படிவைப் பற்றி எழுதுபவர்களும், ஒரு கரையின் மணல் கடைசியில் எந்தத் தாழ்வில் போய்ச் சேரும் என்று பார்க்க விரும்பும் எவரும் தயங்காமல் பயன்படுத்தலாம். கரையில் கட்டுமானம் திட்டமிடுவோர் இதை மட்டும் நம்பக் கூடாது. அதே கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிசுக்கு வடமேற்கே, வைனீமி துறைமுகம் 1940-இல் வைனீமி பள்ளத்தாக்கின் தலையிலேயே அமைக்கப்பட்டது. கரை நெடுக வந்த மணல் அதன் சுவரால் திசைமாறிப் பள்ளத்தாக்குக்குள் விழ, தெற்கே உள்ள கடற்கரை அரிக்கப்பட்டது. இன்றும் அருகிலுள்ள சேனல் தீவுகள் துறைமுகத்தில் மணலைத் தேக்கிவைக்கும் மணல்பொறியிலிருந்து மணலைத் தோண்டி எடுத்து வைனீமி கடற்கரையில் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். துறைமுகச் சுவரை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு 463 மீட்டர் கட்டங்களில் விடை தேட முடியாது. சுவரே ஒரு கட்டத்துக்குள் மறைந்துவிடும்.

சேவையை நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குறியெண் கோப்பு அளவீட்டின் வகையைச் சொல்கிறது. அளவீட்டின் நுட்பத்தைச் சொல்வதில்லை. ஒரு கட்டத்தில் 11 என்று இருந்தால், அதன் அடியில் இருப்பது 5 மீட்டர் இடைவெளியில் எடுத்த அளவீடா, 200 மீட்டர் இடைவெளியில் எடுத்ததா என்பதைத் தரவிறக்கிய கோப்பிலிருந்து அறிய வழியில்லை. சீபெட் 2030 திட்டமோ 1,500 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் 100 மீட்டர் இடைவெளியைக் குறிக்கோளாகக் கொண்டுள்ளது. அந்த அளவீடுகள் கையில் இருக்கும் இடங்களிலாவது, கட்டத்துக்குள் காணப்பட்ட மிகக் குறைந்த ஆழம், மிக அதிக ஆழம் ஆகிய இரு எண்களைத் தனி அடுக்காகத் தந்தால், சிறு பள்ளத்தாக்கின் வாய் எங்கே இருக்கிறது என்பதை 15 வில்நொடிக் கோப்பே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கும் கட்டத்தில் ஏதோ ஒரு பிளவு இருக்கிறது என்று தெரிந்தால் போதும்; மீதியை உள்ளூர் வரைபடத்தில் தேடிக்கொள்ளலாம்.

அதுவரை நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஜெப்கோவின் ஆழக்கோப்பும் குறியெண் கோப்பும் ஒரே எல்லைக்கு. அடுத்து விசிறியிலிருந்து மேல்நோக்கி அடிவரியை வரைதல். அடிவரி கட்டங்களுக்குள் தொலைந்துபோகும் இடத்தில் நிறுத்திவிட்டு, கிடைக்குமானால் 10 மீட்டர் வரைபடத்தை எடுத்து அங்கிருந்து கரைவரை தொடர்தல். கரையிலிருந்து கீழ்நோக்கி வரையத் தொடங்கினால் முதல் கட்டத்திலேயே வழி தவறும். கீழிருந்து மேலே போனால், எந்த இடத்தில் நம் அறிவு முடிந்து ஊகம் தொடங்குகிறது என்பது கோட்டிலேயே குறிக்கப்பட்டுவிடும்.